மூன்று சர்வர்கள், இரண்டு அண்ணன்கள்

"சிஸ்டத்தைப் பிரிச்சுடு பாப்பா" என்று மூத்த அண்ணனான பெரியவர் சொன்னபோது தங்கை டீ குடித்துக்கொண்டிருந்தாள். பழைய அலமாரி எதையோ பிரிக்கச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள்.

"எந்த சிஸ்டத்தை?"

"நம்ம சிஸ்டத்தைத்தான். சின்னவனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. கம்பெனி ரெண்டாகுது. வக்கீல் கிட்ட எல்லாம் பேசி முடிச்சாச்சு. மாசக் கடைசிக்குள்ள நீயும் முடிச்சிடு."

நாற்பது வயதைத் தாண்டிய ஒருத்தியைப் 'பாப்பா' என்று கூப்பிடுவதை அவள் எப்போதோ பொறுத்துக்கொள்ளப் பழகிவிட்டாள். கம்பெனி இரண்டாகிற செய்தியை, மின்விசிறியை மாற்றச் சொல்வதுபோல டீயோடு சேர்த்துச் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்னு தோணலையா பெரியண்ணா?"

"உன்கிட்ட கேட்க என்ன இருக்கு? உனக்கு ஒரு குறையும் இல்ல. நீ ரெண்டு பக்கமும் பார்த்துக்கப் போற."

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அவர்களுடைய கம்பெனி ஆக்சிஜனை சிலிண்டர்களில் நிரப்பி மருத்துவமனைகளுக்கு அனுப்புகிற கம்பெனி. அப்பா ஆரம்பித்தது. அவருக்குப் பிறகு பெரியவர் வாடிக்கையாளர்களைப் பார்த்துக்கொண்டார், சின்னவர் நிரப்பும் கூடத்தைப் பார்த்துக்கொண்டார், இரண்டுக்கும் நடுவில் இருந்த கம்ப்யூட்டர்களைத் தங்கை பார்த்துக்கொண்டாள். எந்த மருத்துவமனை என்ன கேட்டது, எந்த சிலிண்டர் எந்த லாரியில் ஏறியது, சிலிண்டர்களை அடுக்கிவைக்கும் யார்டில் மிச்சம் என்ன இருக்கிறது, எல்லாம் ஒரே மென்பொருளில் ஓடியது. அந்த மென்பொருள் கீழ்த்தளத்தில், கண்ணாடி அறைக்குள் இருந்த மூன்று சர்வர்களில் ஓடியது.

மூன்றும் சேர்ந்து ஒரே இயந்திரம்போல வேலை செய்யும். ஒன்றில் பதிந்தது அந்தக் கணமே மற்ற இரண்டிலும் பதிந்துவிடும். ஒன்று படுத்துவிட்டால் மற்ற இரண்டும் பாரத்தைத் தூக்கிக்கொள்ளும். மாடியில் ஆர்டர் எடுக்கிறவர்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. முன்பு ஒற்றை சர்வர் ஓடிய காலத்தில் அது ஒருமுறை நின்றுபோய், ஆளாளுக்குக் கத்தி, லாரிகள் வாசலிலேயே காத்துக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் தங்கை மூன்றையும் சேர்த்து இந்தக் கிளஸ்டரைக் கட்டினாள். அதற்குப் பின் வேலை நின்றதே இல்லை. நிற்காததாலேயே அப்படி ஒன்று அங்கே இருப்பதை எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள்.

அண்ணன்களின் சண்டைக்குக் காரணம் கேட்டால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். பெரியவர் ஒரு புது மருத்துவமனைக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். நிரப்புகிற எனக்கு முதலில் சொல்ல வேண்டாமா என்று சின்னவர் கேட்டார். உன்னிடம் அனுமதி வாங்க வேண்டுமா என்று பெரியவர் கேட்டார். அன்றோடு இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஒரே கட்டடத்தில் மேலேயும் கீழேயும் உட்கார்ந்துகொண்டு, "அவன்கிட்ட சொல்லிடு", "அவர்கிட்ட கேட்டுச் சொல்லு" என்று தங்கையைப் படிக்கட்டில் ஏற்றி இறக்கினார்கள். அவளும் ஏறி இறங்கினாள். கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று நம்பினாள்.

சரியாகவில்லை. வாடிக்கையாளர்களை வக்கீல் முன்னிலையில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். யார்டில் இருக்கும் சிலிண்டர்களை மட்டும் இன்னும் பிரிக்கவில்லை. அதுவரை ஒரே யார்டிலிருந்து இருவரும் எடுத்துக்கொள்வது என்று ஏற்பாடு.

அந்த டீ நேரத்துப் பேச்சுக்கு மறுநாள் தங்கை இரண்டு பேருக்கும் தனித்தனியாக விளக்கினாள். ஆளுக்கு ஒரு தனி சர்வர் தர முடியும். ஆனால் சும்மா வயரைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு போகிற வேலை இல்லை. வாடிக்கையாளர் விவரங்களைப் பிரிக்க வேண்டும். புது சர்வர்களைப் பழையதோடு கொஞ்ச காலம் சேர்த்து ஓட்டிப் பார்க்க வேண்டும். யார்டு கணக்கு யாரிடம் இருக்கும் என்று முடிவு செய்ய வேண்டும். பிறகு ஒரு விடுமுறை நாளில் மாற்ற வேண்டும். இரண்டு மாதம் ஆகும்.

"அப்புறம் ஒண்ணு" என்றாள். "தனி சர்வர்னா அது தனிதான். படுத்தா தாங்கிப் பிடிக்கப் பக்கத்துல வேற ஆள் கிடையாது."

பெரியவர், "மாசக் கடைசி" என்றார். சின்னவர், "அவருக்கு மாசக் கடைசின்னா எனக்கு அதுக்கு ஒரு வாரம் முன்னாடி" என்றார்.

அந்த வாரத்திலேயே பெரியவர் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, டிரைவரை இறங்கச் சொல்லிவிட்டு, மெதுவாகக் கேட்டார்:

"பிரிக்கிறப்ப அவன் பக்கம் ஒரு சின்ன ஜன்னல் விட்டு வை பாப்பா. அவன் யாருக்கு என்ன அனுப்புறான்னு நான் சும்மா பார்த்துக்கிற மாதிரி."

தங்கை ஏதோ முணுமுணுத்துவிட்டு இறங்கினாள். இரண்டு நாள் கழித்து சின்னவர் அவளை நிரப்பும் கூடத்துக்குக் கூப்பிட்டார். கம்ப்ரஸர்கள் காதைக் கிழித்துக்கொண்டிருந்தன. ரகசியம் பேச அவர் தேர்ந்தெடுத்த இடம் அது. அவள் காதருகே குனிந்து, தொண்டை கிழியக் கத்தினார்:

"அவர் சர்வருக்குள்ள எனக்கு ஒரு வழி வேணும்! யாருக்கும் தெரியக் கூடாது!"

பக்கத்தில் வால்வு திருகிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். வேறொரு நாளாக இருந்தால் தங்கை சிரித்திருப்பாள். அன்று எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் வாயைத் திறந்து 'முடியாது' என்று சொல்லவில்லை. "பார்க்கலாம்" என்றாள். பெரியவரிடம் முணுமுணுத்ததும் அதே வார்த்தைதான். பிறகு நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

புது சர்வர்களுக்கான ஹார்ட் டிஸ்க் வட்டுகளைப் பார்த்து வாங்க அவள் ஒரு காலையில் கடைக்குப் போயிருந்தாள். கடைக்காரர் பெட்டியைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. குழந்தைகள் மருத்துவமனையின் ஸ்டோர் அதிகாரி. நிதானமாகப் பேசும் பெண்மணி. அன்று நிதானம் இல்லை.

"வண்டி கிளம்பிடுச்சுன்னு காலையிலேயே உங்க ஆபீஸ்லேர்ந்து மெசேஜ் வந்துது. இன்னும் வந்து சேரலை. எங்க இருக்கு வண்டி?"

"ஒரு நிமிஷம் மேடம், பார்த்துச் சொல்றேன்."

தங்கை யார்டு சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். அவர் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்த ஆஸ்பத்திரிக்கு இன்னிக்கு ஆர்டரே இல்லையே மேடம்."

மாடியில் ஆர்டர் எடுக்கும் பெண்ணைக் கூப்பிட்டாள். அவளும் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "போயாச்சு மேடம். அனுப்பியாச்சுன்னுதான் காட்டுது."

ஒரே சிஸ்டத்தில் இரண்டு பதில் வரவே கூடாது. தங்கை வட்டுகளை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்தாள்.

கண்ணாடி அறை திறந்து கிடந்தது. அடுக்கில் இரண்டு சர்வர்கள் மட்டும் பச்சை விளக்கோடு ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாவதன் இடத்தில் வயர்கள் தொங்கின. அவள் மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள்.

பெரியவரின் அறையை ஒட்டிய மேஜையில் அந்த சர்வர் இருந்தது. அதன் தலையில் ஒரு டீ கிளாஸ். பக்கத்தில் பெரியவரின் மச்சான். எப்போதோ ஒருமுறை பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவி எடுத்ததிலிருந்து அந்தக் குடும்பத்தில் அவர்தான் கம்ப்யூட்டர் மேதை.

"வாங்க, வாங்க. ரெண்டு மாசம் ஆகும்னு சொன்னீங்களாமே? காபி குடிக்கிற நேரத்துல முடிச்சிட்டேன்."

"இது ஓடியிருக்காதே. மத்த ரெண்டையும் விட்டுப் பிரிச்சா ஓடக் கூடாதுன்னு நான்தானே வச்சிருக்கேன்?"

"ஆமாமா, அடம் பிடிச்சுது. நெட்ல தேடினேன். 'கட்டாயமா ஸ்டார்ட் பண்ணு'ன்னு ஒரு கட்டளை இருந்துது. போட்டேன். கழுதை எழுந்திருச்சிடுச்சு."

தங்கை கண்ணை ஒரு கணம் மூடிக்கொண்டாள். மற்ற இரண்டும் கண்ணில் படவில்லை என்றால் ஒரு சர்வர் நின்றுவிட வேண்டும் என்று அவள் வைத்திருந்தது வேண்டுமென்றேதான். அவை செத்துவிட்டனவா, உயிரோடு வேறெங்கோ ஓடிக்கொண்டிருக்கின்றனவா என்று தனியாக இருப்பதற்குத் தெரியாது. தெரியாமல் இதுவும் ஓடினால், மாடி ஒரு யார்டைப் பார்க்கும், கீழ்த்தளம் இன்னொரு யார்டைப் பார்க்கும், நிஜத்தில் இருப்பது ஒரே யார்டு. காலையிலிருந்து அதுதான் நடந்திருந்தது. இரண்டு பக்கமும் அதே சிலிண்டர்களை இரண்டு பேருக்கு ஒதுக்கியிருந்தன. கீழே சின்னவரின் ஆட்கள் அவற்றை ஊருக்கு வெளியே ஒரு எலும்பு மருத்துவமனைக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மேலே குழந்தைகள் மருத்துவமனைக்கு ஒரு மெசேஜ் மட்டும் போனது.

அவள் நெட்வொர்க் வயரைப் பிடுங்கினாள். அறை முழுக்க ஆர்டர் திரைகள் உறைந்தன.

பெரியவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "யாரைக் கேட்டு நிறுத்துன?"

"யாரைக் கேட்டு இதைத் தூக்கிட்டு வந்தீங்க?"

"இது என் கம்பெனி!"

"குழந்தைங்க ஆஸ்பத்திரிக்கு ஆக்சிஜன் போகலை. அதுவும் உங்க கம்பெனிதானே? உங்க பாதியிலதானே இருக்கு?"

அவர் பதிலுக்குத் தங்கை காத்திருக்கவில்லை. காலையிலிருந்து மாடியில் எடுத்த ஆர்டர்களை அந்த சர்வரின் திரையிலேயே ஓட்டிப் பார்த்தாள். மற்றவை அடுத்த நாளுக்கானவை, தாங்கும். இது ஒன்றுதான் தாங்காது. யார்டுக்கு ஓடினாள். நிரம்பிய சிலிண்டர் ஒன்றுகூட மிச்சம் இல்லை. அடுத்த தொகுதி நிரம்ப நேரம் ஆகும். எலும்பு மருத்துவமனைக்குக் கிளம்பிய லாரியின் டிரைவரைப் போனில் பிடித்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"ஊரைத் தாண்டிட்டேன்மா."

"வண்டியைத் திருப்புங்க. குழந்தைங்க ஆஸ்பத்திரிக்கு விடுங்க."

"சின்னவர் சொன்னாரா?"

"நான் சொல்றேன்."

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. அவர் சொல்லாம திருப்பினா என் வேலை போயிடும். ரெண்டு பேருக்கும் நடுவுல நாங்க படுற பாடு உங்களுக்குத் தெரியாததா?"

"அண்ணே, அங்க குழந்தைங்களுக்கு ஆக்சிஜன் தீரப் போகுது."

மறுமுனையில் இண்டிகேட்டர் டிக் டிக் என்றது.

"திருப்பிட்டேன்" என்றார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சின்னவர் நின்றுகொண்டிருந்தார். "என் வாடிக்கையாளருக்குப் போற வண்டியை அவர் வாடிக்கையாளருக்குத் திருப்ப நீ யாரு? அவர் பக்கம் சேர்ந்துட்டியா?"

எலும்பு மருத்துவமனையில் ஒரு வாரத்துக்குக் கையிருப்பு இருக்கிறது என்று சொல்லலாம் என்று நினைத்தாள். அதைச் சொன்னால்தான் அவருக்கு நியாயம் புரியும் என்றால், அவருக்குப் புரியவே வேண்டாம் என்று தோன்றியது. அவரைத் தாண்டிக்கொண்டு போய் வண்டியைக் கிளப்பினாள்.

மருத்துவமனையில் ஸ்டோர் அதிகாரி வராந்தாவிலேயே நின்றார். அடுத்த தெருவில் இருக்கும் மருத்துவமனையிடம் கெஞ்சி இரண்டு சிலிண்டர் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் ஒருத்தி கட்டில்களை இழுத்துப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தாள், ஒரே சிலிண்டரிலிருந்து இரண்டு குழந்தைகளுக்குக் குழாய் எட்டட்டும் என்று. ஒரு சின்னப் பெண்ணின் அம்மா குழந்தையைப் பார்க்கவில்லை. சிலிண்டரின் அளவு முள்ளையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க கம்பெனியில யார்கிட்ட பேசினா உண்மை தெரியும்?" என்று அதிகாரி கேட்டார்.

"என்கிட்ட மேடம்."

"அப்போ காலையில நீங்க எங்க போயிருந்தீங்க?"

தங்கையிடம் பதில் இருந்தது. பதிலில் அண்ணன்கள் இருந்தார்கள், மச்சான் இருந்தார், வக்கீல் இருந்தார். அந்த வராந்தாவில் அதில் ஒன்றுகூடச் சொல்லத் தகுந்ததாக இல்லை. "மன்னிச்சிடுங்க" என்று மட்டும் சொன்னாள். லாரி வந்ததும் டிரைவரோடு சேர்ந்து அவளும் சிலிண்டர்களை உருட்டி இறக்கினாள். எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. 

ஆபீசுக்குத் திரும்பியதும் இரண்டு அண்ணன்களையும் மீட்டிங் அறைக்கு வரச் சொன்னாள். ஆள் விட்டுச் சொல்லவில்லை. படிக்கட்டின் நடுவில் நின்று, இரண்டு தளத்துக்கும் கேட்கும்படி குரல் கொடுத்தாள். இருவரும் வந்து மேஜையின் இரண்டு கோடியிலும் உட்கார்ந்தார்கள். மச்சானும் பின்னாலேயே வந்தார். "நீங்க வெளிய இருங்க" என்று அவள் சொன்னதும் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் சுவரைப் பார்த்தார். மச்சான் போய்விட்டார்.

"அவனை யாரு..." என்று பெரியவர் ஆரம்பித்தார்.

"அவர்தான் முதல்ல..." என்று சின்னவர் ஆரம்பித்தார்.

"வாயை மூடுங்க ரெண்டு பேரும்!"

அந்தக் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. கண்ணாடிக்கு வெளியே ஆர்டர் எடுப்பவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"ஆஸ்பத்திரியில ஒரு அம்மா சிலிண்டர் முள்ளைப் பார்த்துக்கிட்டு நின்னா. பிள்ளையைப் பார்க்கலை, முள்ளைப் பார்த்தா. எதுக்குத் தெரியுமா? உங்க ரெண்டு பேருக்கும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கப் பிடிக்கலை, அதுக்கு. இத்தனை மாசமா உங்க நடுவுல தபால்காரி மாதிரி அலைஞ்சேன். கம்பெனியைப் பிரிக்கிறதை டீ குடிக்கிறப்ப எனக்குச் சொன்னீங்க. நான் கட்டினதை, என்கிட்ட கேட்காம, வயரைப் பிடுங்கித் தூக்கிட்டுப் போனீங்க. ரெண்டு மாசம் வேணும்னு நான் சொன்னது உங்க காதுல ஏறவே இல்ல. பிரிண்டர்ல காகிதம் எடுத்தவர் சொன்னா மட்டும் ஏறுது!"

"பாப்பா, கொஞ்சம் அமைதியா..."

"அமைதியா இருந்ததாலதான் இவ்வளவும். பெரியண்ணா, சின்னண்ணன் சர்வருக்குள்ள ஒரு ஜன்னல் வேணும்னு என்கிட்ட கேட்டீங்களா இல்லையா?"

சின்னவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "என்னது? திருட்டுத்தனமா..."

"நீ உட்காரு! நீயும் அதையேதான் கேட்ட. கம்ப்ரஸர் பக்கத்துல நின்னு ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திக் கேட்ட. ஒருத்தரை விட்டு ஒருத்தர் பிரியணும், ஆனா ஒருத்தர் வீட்டுக்குள்ள ஒருத்தர் எட்டிப் பார்க்கணும். அதுக்கு நான் ஏணி பிடிக்கணுமா?"

சின்னவர் மெல்ல உட்கார்ந்தார். வெகு நாளைக்குப் பிறகு அண்ணன்கள் இருவரும் ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்துக்கொண்டார்கள். அதில் வெட்கம் இருந்தது. பாசம் ஒன்றும் இல்லை.

"இனி நான் சொல்றபடி நடக்கும்" என்றாள். "முதல்ல யார்டைப் பிரிங்க. சிலிண்டர்ல ஆளுக்கு ஒரு நிறம் அடிங்க. அது முடியுற வரைக்கும் சர்வர் மேல யாரும் கை வைக்கக் கூடாது. அதுக்கப்புறம் ஆளுக்கு ஒரு தனி சர்வர் தரேன். ஜன்னலும் கிடையாது, ஏணியும் கிடையாது. அன்னிக்கோட நான் ரெண்டு பக்கத்துலயும் இல்ல."

"அது எப்படி? யாரு பார்த்துப்பா?" இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"ஆள் வச்சுக்குங்க. நான் சொல்லிக் கொடுக்கிறேன்."

அப்படியே நடந்தது. இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் கூடவே ஆனது. பழைய மூன்றையும் மறுபடி ஒன்றுசேர்த்து, குழம்பிப்போன அந்த ஒரு காலையின் ஆர்டர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். பெரியவருக்குப் பச்சை, சின்னவருக்கு மஞ்சள் என்று சிலிண்டர்களுக்கு நிறம் அடித்தார்கள். ஒரு விடுமுறை நாளின் பகலில், இரண்டு அண்ணன்களும் அவரவர் புது ஆளோடு பார்த்துக்கொண்டிருக்க, அவள் பழைய கிளஸ்டரை ஒழுங்கான முறையில் நிறுத்தினாள். மூன்று பச்சை விளக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. பெரியவர், "ரொம்ப நல்லா பண்ண" என்றார். அவளுக்கு அதைக் கேட்டு மேலும் எரிச்சல்தான் வந்தது. கண்ணாடி அறையின் சாவியை மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

குழந்தைகள் மருத்துவமனை இருவரையும் விட்டுவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. தங்கை குடிநீர் வழங்கும் ஒரு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே அவளைப் பதவியைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் சில நாள் பாத்திரம் கழுவும்போது திடீரென்று அந்த மாடி மேஜையும் அதிலிருந்த டீ கிளாஸும் நினைவுக்கு வரும். பாத்திரம் கொஞ்சம் பலமாகவே மோதும். "இன்னும் ஆறலையா?" என்று கணவர் கூடத்திலிருந்து கேட்பார். "ஆறலை" என்பாள்.

ஒரு விடுமுறை நாள் காலையில் வாசலில் மணி அடித்தது. சின்னவர். தாடியை மழிக்கவில்லை. சட்டைப் பட்டன் ஒன்று மாறிப் போயிருந்தது.

"சர்வர் படுத்துடுச்சு" என்றார். "உள்ளேர்ந்து ஏதோ கருகின வாடை. ஒரு மணி நேரம் வந்துட்டுப் போயேன்."

"உள்ள வா. தண்ணி குடி."

அவர் குடித்தார். அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"உன் ஆளுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கேன். பேக்கப்லேர்ந்து வேற மிஷின்ல ஏத்த அவருக்குத் தெரியும். பழையபடி மூணும் சேர்ந்து இருந்தா, ஒண்ணு படுத்ததே உனக்குத் தெரிஞ்சிருக்காது. இப்ப அரை நாள் ஆகும்."

"நீ வந்தா சீக்கிரம் முடியும்ல?"

"முடியும். நான் வரலை."

அவர் கிளாஸை உருட்டிக்கொண்டே இருந்தார். "இன்னும் கோவமா?"

"ஆமா."

'இல்லண்ணா' என்று சொல்வாள் என்று எதிர்பார்த்திருப்பார் போல. கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். செருப்பை மாட்டும்போது அவள் சொன்னாள்:

"ஒண்ணு மட்டும் பண்ணு. ஆஸ்பத்திரிகளுக்கு இப்பவே போன் பண்ணி உண்மையைச் சொல்லிடு. லேட் ஆகும், வேற இடத்துல ஏற்பாடு பண்ணிக்குங்கன்னு சொல்லு. உன் ஆளை விட்டுச் சொல்ல வைக்காதே. நீயே சொல்லு."

"போட்டிக் கம்பெனிக்குப் போயிடுவாங்களே?"

"போகட்டும்."

அவர் வாசல் கேட்டுக்கு வெளியே போய், வெயிலில் காரின் மேல் சாய்ந்துகொண்டு போனை எடுத்தார். வெகு நேரம் திரையையே பார்த்தார். பிறகு காதில் வைத்தார். "வணக்கம் மேடம், எங்க சிஸ்டம் நின்னுபோச்சு... இல்ல மேடம், வண்டி கிளம்பலை. கிளம்பிடுச்சுன்னு பொய் சொல்ல விரும்பலை..." மறுமுனையில் திட்டு விழுந்திருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டு "ஆமா மேடம், ஆமா" என்றார். அதை வைத்துவிட்டு அடுத்த எண்ணைத் தேடினார்.

தங்கை கதவருகிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசி மருத்துவமனைக்கும் பேசி முடித்து அவர் காரைக் கிளப்பிக்கொண்டு போகும்வரை நின்றாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள்.